இரண்டு வருடம் பிளஸ் டூ

2025 ஆகஸ்டில், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனிமேல் கிடையாது என்று அரசு அறிவித்தபோது, எங்கள் பழைய ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதினான்: "நமக்கெல்லாம் 2005லயே ரத்து பண்ணிட்டாங்கடா." கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. துபாயிலிருந்து ஒன்று, ஓசூரிலிருந்து ஒன்று, நள்ளிரவு தாண்டி அமெரிக்காவிலிருந்து இரண்டு. நானும் ஒன்று போட்டேன். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்த வரி அதற்கப்புறம் பல நாள் என்னை விட்டுப் போகவில்லை. ஆபீசில் பம்ப் டிசைன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும், பல் தேய்க்கும்போது வரும். இதே நகைச்சுவையை நானும் இருபது வருடமாக விதவிதமாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கதையில் ஒரு ராத்திரியை மட்டும் விட்டுவிடுவேன்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பதினொன்றுக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது. அதன் மார்க்கை எந்தக் கல்லூரியும் கேட்கப் போவதில்லை. அப்புறம் அதற்கு எதற்கு ஒரு வருடம்? ஆகவே ஒரே பாடம் இரண்டு வருடம். முதல் வருடம் ஒரு முழுச் சுற்று, இரண்டாம் வருடம் எத்தனை சுற்று என்பதை எண்ணுவதை விட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் எப்படி இருந்தது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கணக்கு இடிக்கும். என்னுடைய கடைசி வருடம் இருபத்திரண்டு மாதம். 2005 ஜூனில் தொடங்கி 2007 மார்ச்சில் முடிந்தது.

சீட்டுப் பணம்

அப்பாவுக்கு விருத்தாசலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி வார்னிஷ் அடித்துக் கொடுப்பார். பத்தாம் வகுப்பில் நான் 463 வாங்கியதும் கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பள்ளியின் பெயரைச் சொன்னார்கள். எல்லாப் பெயரும் நாமக்கல் மாவட்டத்தில்தான் போய் நின்றன. அந்த நாட்களில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று செய்தித்தாளில் படம் வரும். அடுத்த ஒரு மாதத்துக்கு அந்த மாதிரி முகங்களே பள்ளி விளம்பரங்களில் சிரிக்கும். (2017-ல் அந்த ரேங்க் அறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நல்லது.) அப்பா அப்படி ஒரு விளம்பரத்தை வெட்டி, கடையில் பிள்ளையார் படத்துச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். அவருக்கு ஓர் ஏலச்சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதிகூட ஓடாத சீட்டை நிறையத் தள்ளி எடுத்தார். எவ்வளவு தள்ளினார் என்பதை எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அம்மா சொன்னாள்.

சேலம் வரை ஒரு பஸ், அங்கே இறங்கி நாமக்கல்லுக்கு இன்னொரு பஸ். என் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டே வந்தார். பள்ளி வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, "ரெண்டே வருஷம் தம்பி. பல்லக் கடிச்சுக்க. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். தமிழ்நாட்டில் பதினைந்து பதினாறு வயதில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அந்த "அப்புறம்" எப்போது ஆரம்பிக்கும் என்று மட்டும் யாரும் தேதி சொல்வதில்லை.

காலை நாலே முக்காலுக்கு விசில். ஐந்தே காலுக்கு ஸ்டடி. ராத்திரி பத்தரைக்கு மறுபடி விசில். நடுவில் தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட், வாரம் ஒரு ரிவிஷன், மாதம் ஒரு தரம் செக்‌ஷன் மாற்றம். ஏ செக்‌ஷனில் நாற்பது பேர். மார்க் குறைந்தால் பி. இன்னும் குறைந்தால் சி. லிஸ்ட் ஒட்டும் அன்று பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வகுப்பு மாறும் பையன்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய்க் காயின் போனுக்கு முன்னால் வரிசையில் நிற்கலாம், ஆளுக்கு இரண்டு காசு. மாதம் ஒரு ஞாயிறு அப்பா அம்மாக்கள் வருவார்கள். வேப்பமரத்தடியில் பெட்ஷீட் விரித்து, தூக்குவாளி திறந்து, சாப்பிடச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைவிட மார்க் அட்டையை அதிக நேரம் பார்ப்பார்கள். காற்றடிக்கும் திசையைப் பொறுத்துக் கோழிப்பண்ணை நாற்றம் வரும். முதல் வாரம் குமட்டியது. அப்புறம் அது இல்லாத காற்றில் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு பரவாயில்லை, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பாடம் நடத்தியவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் முழுவதும் எதைப் படிக்க வேண்டாம் என்று கண்டுபிடிப்பதில் போனது. கணக்குக்கு 200 மார்க். ஒரு மார்க் நாற்பது, ஆறு மார்க் பத்து, பத்து மார்க் பத்து. எந்த அத்தியாயத்திலிருந்து எத்தனை பத்து மார்க் வரும் என்பதற்கு புளூ பிரிண்ட் இருந்தது. அதை எங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி தெரியும். பகுமுறை வடிவியலில் பரவளையக் கணக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டால் ஒரு பத்து மார்க் கையில். அணிகளும் கலப்பெண்களும் "அள்ளிக்கலாம்". நிகழ்தகவில் கொஞ்சம் "விட்டுடலாம்". பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட பி.டி.ஏ. புத்தகத்திலிருந்த பழைய வினாத்தாள்களை எண் மாறாமல் ஒப்பிப்பவன் எங்கள் அறையிலேயே ஒருவன் இருந்தான். 2003 ஜூன் 58-ஆவது கேள்வி என்றால் விடையோடு சொல்வான். இன்று பெரிய வங்கி ஒன்றில் நல்ல பதவியில் இருக்கிறான்.

புத்தகம் வெளியே வந்த நாள்

பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் எங்களுக்கு இருந்தன. கட்டணத்தில் அதற்கும் பணம் பிடித்திருந்தார்கள். அவை ஆபீசுக்குப் பக்கத்து அறையில் கயிறு கட்டியபடி அடுக்கிக் கிடந்தன. 2006 பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஸ்டடியின்போதே கயிற்றை அறுத்து ஆளுக்கொரு செட் கொடுத்தார்கள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறாராம். போர்டில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றின் தலைப்பை எழுதி, கீழே பாதிக் கணக்கும் போட்டு வைத்தார்கள். புத்தகம் புதிதாகத் தெரியக்கூடாது என்று பக்கங்களை மடக்கி மடக்கிப் பழசாக்கச் சொன்னார்கள். ஒன்றரை வகுப்பு நேரம் அறுபது பேர் உட்கார்ந்து புத்தகத்துக்கு வயசாக்கினோம். வந்தவர் வாசலில் நின்று பார்த்தார், ஒரு பையனை எழுப்பிப் பேரும் ஊரும் கேட்டார், போய்விட்டார்.

சாயங்காலம் புத்தகங்களைத் திரும்ப வாங்கினார்கள். நான் கணக்குப் புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. எண்ணிப் பார்க்கும் அளவுக்கு யாருக்கும் அதன்மேல் அக்கறை இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் அறிவுத் தாகம் என்றெல்லாம் சொல்லத் தோன்றும். உண்மை அதைவிடச் சின்னது. எனக்குச் சேர வேண்டியதை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள் என்ற கடைக்காரர் மகன் கோபம்தான்.

பல மாதம் அது அங்கேயே கிடந்தது. இரண்டாம் வருடம், அதாவது ஊருக்கெல்லாம் பிளஸ் டூவான வருடம், செப்டம்பரில் வகை நுண்கணிதம் மறுபடி வந்தது. அதில் லோபிதால் விதி என்று ஒன்று உண்டு. மேலேயும் கீழேயும் பூஜ்யம் வரும் லிமிட்டுகளை அவிழ்ப்பதற்கு. மேலே ஒரு டெரிவேட்டிவ், கீழே ஒரு டெரிவேட்டிவ், முடிந்தது. சைன் எக்ஸ் பை எக்ஸ், எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது எவ்வளவு? மேலே காஸ் எக்ஸ், கீழே ஒன்று, விடை ஒன்று. ஒரு வரிக் கணக்கு. முந்தின வருடமும் இதைப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை என்னவோ, சைனின் டெரிவேட்டிவ் காஸ் என்று யார் சொன்னது என்று கேட்கத் தோன்றியது. எங்களுக்குச் சொன்னது சேர்ந்த மாதம் கொடுத்த ஃபார்முலா ஷீட். ராத்திரி விசிலுக்குப் பிறகு பெட்டியைத் திறந்து, கழிவறை விளக்கில் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. சைன் எக்ஸ் பை எக்ஸின் லிமிட் ஒன்று, ஆகவே சைனின் டெரிவேட்டிவ் காஸ் என்று இருந்தது.

அதாவது அது சரி என்றால் இது சரி. இது சரி என்றால் அது சரி. முந்தைய பக்கங்களில் ஒரு வட்டம் போட்டு ஏதேதோ எழுதியிருந்தது. எனக்கு ஒரு வரியும் ஏறவில்லை.

கோழியா முட்டையா

எங்கள் கணக்கு சாருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. டி.ஆர்.பி. என்ற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதிவிட்டு அரசு வேலைக்காகக் காத்திருந்தவர். வகுப்பில் புளூ பிரிண்டுக்கு வெளியே ஒரு சொல் பேச மாட்டார். வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரி அவருக்கு ஸ்டடி டூட்டி. ஹாலுக்கு வெளியே வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்து பேப்பர் திருத்துவார். மறுநாள் ராத்திரி ஒன்பதரைக்கு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், சைன் எக்ஸ் பை எக்ஸ், லோபிதால் போட்டா ஒண்ணு வருது."

"வரட்டும்."

"அதுக்கு சைனோட டெரிவேட்டிவ் காஸ்னு தெரியணும் சார்."

"தெரியுமே."

"அது எப்படி வந்துச்சுன்னு லெவன்த் புக்ல பாத்தேன் சார். அங்க சைன் எக்ஸ் பை எக்ஸ் ஒண்ணுன்னு வெச்சுகிட்டுத்தான் அதையே கண்டுபிடிக்கிறாங்க."

சிவப்புப் பேனாவை மூடினார். "லெவன்த் புக்கு உனக்கு எங்கடா கெடச்சுது?" நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "நாமக்கல்ல உக்காந்துகிட்டுக் கோழி மொதல்ல வந்துச்சா முட்டை மொதல்ல வந்துச்சான்னு கேக்கற." ஹால் வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, திருத்தி முடித்த கட்டிலிருந்து ஒரு வினாத்தாளை உருவிப் பின்பக்கம் திருப்பினார்.

ஒரு வட்டம். ஆரம் ஒன்று. மையத்தில் எக்ஸ் என்று ஒரு சின்னக் கோணம். அந்தக் கோணத்துக்குள் ஒரு முக்கோணம், அதைவிடச் சற்றுப் பெரிதாக வட்டத்தின் ஒரு துண்டு, அதையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒரு பெரிய முக்கோணம். "பரப்பளவு சொல்லு. சின்னது?" பாதி சைன் எக்ஸ். "கேக் துண்டு?" பாதி எக்ஸ். "பெருசு?" பாதி டேன் எக்ஸ். "எது சின்னது எது பெருசுன்னு படத்தைப் பாத்தாலே தெரியுதா? ஃபார்முலா வேணுமா?" வேண்டாம். "அவ்ளோதான். இப்ப எல்லாத்தையும் பாதி சைனால வகு." வகுத்தேன். நடுவில் எக்ஸ் பை சைன் எக்ஸ் நின்றது. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒன் பை காஸ் எக்ஸ். "இப்ப கோணத்தைச் சின்னதாக்கிக்கிட்டே போ. வலப்பக்கத்துக்காரன் எங்க போறான்?" ஒன்றுக்கு. "ரெண்டு பக்கமும் ஒண்ணு வந்து நெருக்குது. நடுவுல நிக்கிறவன் எங்கடா போவான்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிலிர்த்தது. பதினைந்து மாதமாக அங்கே இருந்தேன். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது அதுதான் முதல் தடவை. கோணத்தை ரேடியனில் ஏன் அளக்கிறோம் என்றும் கேட்டேன். வட்டத் துண்டின் பரப்பு பாதி எக்ஸ் என்று சுத்தமாக வருவது ரேடியனில்தான், டிகிரியில் அளந்தால் ஒன்றுக்குப் பதில் π பை 180 வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று போட்டே காட்டினார். ரேடியன் என்பது கால்குலேட்டரில் இருக்கும் ஒரு பொத்தான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விட்டில்கள் பேப்பர்மேல் விழ விழ, அவர் பேனாவால் தள்ளித் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். வகுப்பில் பார்க்கும் ஆள் இல்லை.

பத்தரை விசில் அடித்தது. தாளின் அடியில் "2" என்று போட்டு வட்டமிட்டு, பக்கத்தில் ஒன் மைனஸ் காஸ் எக்ஸ் பை எக்ஸ் என்று எழுதி அப்படியே நிறுத்தினார். "இன்னும் இது ஒண்ணுதான். இது தெரிஞ்சா அடியிலேர்ந்து எல்லாத்தையும் நாமளே கட்டிக்கிட்டு வந்துடலாம், எவன் குடுத்த ஷீட்டும் வேணாம். நாளைக்கு இதே நேரம் வா." தாளை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை பிசிக்ஸ் ரிவிஷன். ராத்திரி படித்திருக்க வேண்டிய நேரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. பரீட்சை சொதப்பியது. மூன்று மணிக்கே திருத்திக் கொடுத்துவிட்டார்கள், 171. அந்த மாத லிஸ்டுக்கு இன்னும் கெமிஸ்ட்ரி மட்டும் பாக்கி, அது நாளை. நானும் பெஞ்சைத் தூக்க வேண்டியிருக்கும் என்று புரிந்தது. பிள்ளையார் படத்துச் சட்டத்தில் செருகியிருந்த விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஞாயிறு அப்பா வருகிற ஞாயிறு.

ராத்திரி ஒன்பதரைக்குக் கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். படிக்கட்டு ஜன்னலிலிருந்து வராந்தா தெரியும். அன்று அவருக்கு டூட்டி கிடையாது. இருந்தும் வந்திருந்தார். மேசையில் பேப்பர் கட்டு இல்லை, ஒரே ஒரு வெள்ளைத் தாளும் ஸ்கேலும் இருந்தன. இரண்டு தரம் ஹால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் டி பிளாக் தனிமங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்கு எழுந்து போனார்.

லிஸ்டில் முப்பத்தோராவது ஆளாக ஏ செக்‌ஷனிலேயே இருந்தேன். அவர் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்ச் வரை தினமும் அவர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் புளூ பிரிண்ட் நடத்தினார்.

197.50

மற்றது சீக்கிரம் சொல்லிவிடலாம். அந்த வருடம் எங்களுக்கு இன்னொரு குழப்பம், நுழைவுத் தேர்வு உண்டா இல்லையா என்று. முந்தைய வருடங்களில் ரத்து என்பார்கள், கோர்ட் இல்லை என்னும். 2006 டிசம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, 2007 மார்ச்சில்தான் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்தது. அதுவரை நாங்கள் இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகிக்கொண்டிருந்தோம். பிராக்டிகலில் எனக்கு வந்த உப்பு எது என்று லேப் அட்டெண்டர் கண்ணாலேயே சொல்லிவிட்டார், சோதனையில் வர வேண்டிய பழுப்பு வளையம் வராமலேயே வந்ததாக எழுதினேன். பரீட்சைக்கு முன் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மேலே கூரை இல்லாமல் வெயிலில் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். எங்கள் ஹால் டிக்கெட் கட்டை அவர் காலடியில் வைத்து எடுத்தார்கள். வடைமாலையிலிருந்து உதிர்த்துக் கொடுத்த மிளகு வடையைக் கணக்கு சார் என் கையில் வைத்து, "சென்டம் போட்டுடுவ" என்றார்.

போட்டேன். கணக்கில் 200, பிசிக்ஸ் 194, கெமிஸ்ட்ரி 196. கணக்கில் பாதி, மற்ற இரண்டிலும் கால்வாசி என்று கூட்டினால் 200-க்குக் கட் ஆஃப் 197.50. விருத்தாசலத்தில் பிரவுசிங் சென்டரில் கூட்டத்துக்கு நடுவில் பதிவெண்ணைத் தட்டி ரிசல்ட் பார்த்தோம். அப்பா கடைக்காரர்கள் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங். பெரிய திரையில் கல்லூரிப் பெயரும் காலி இடமும் ஓடும், நமக்கு முன்னால் போனவர் ஒரு இடத்தை எடுத்தால் எண் ஒன்று குறையும். அப்பா அந்தத் திரையை ஏலச்சீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. அவர் சொன்னது நடந்தது. சீட்டுப் பணம் வீண்போகவில்லை.

இதனால்தான் அந்தப் பள்ளியை முழுசாகத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. அங்கே போகாமல் இருந்திருந்தால் கோயம்புத்தூரில் பம்ப் டிசைன் செய்துகொண்டிருப்பேனா என்று தெரியாது. அதே நேரம், முதல் செமஸ்டர் கணக்குப் பாடமான எம்-1 வகுப்பில் பேராசிரியர், இதெல்லாம் பிளஸ் ஒன்னில் படித்ததுதானே என்று தாண்டிப்போனபோது குனிந்துகொண்ட தலைகளில் என்னுடையதும் ஒன்று. கணக்கில் சென்டம் வாங்கிய தலை. 2017-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது ரொம்ப சந்தோஷப்பட்டேன். இனி யாரும் கயிறு கட்டிப் போட முடியாது. பிறகு அந்த மார்க் கல்லூரிச் சேர்க்கைக்கு வேண்டாம் என்றானது, இப்போது தேர்வே இல்லை என்றாகிவிட்டது. பதினைந்து வயதில் மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுத வைப்பது அநியாயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கயிற்றை எடுத்துத் தயாராக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்க வேண்டும், இதை அனுபவித்தவன் நான். ஒரு வாரம் ஒன்று தோன்றுகிறது, அடுத்த வாரம் மற்றொன்று.

"ஒரு வருஷத்தைத் திருடிட்டாங்க" என்றுதான் எங்கள் குழுவில் சொல்வோம். எடுத்துக்கொண்டார்கள், உண்மை. ஆனால் என் விஷயத்தில், அதைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் டூட்டி இல்லாத ராத்திரியில் வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குத் தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாடிப்படிக்கு நானேதான் நடந்து போனேன். அப்பாவின் பணம், லிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை என்று காரணம் அடுக்கலாம், எல்லாம் நிஜக் காரணங்கள். கெமிஸ்ட்ரி முடிந்த மறுநாள் போயிருக்கலாமே என்பதற்கு மட்டும் காரணம் இல்லை.

2026 போகிக்கு விருத்தாசலத்தில் இருந்தேன். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கிய அம்மா, "இதைப் பழைய இரும்புக்குப் போட்றவாடா?" என்று கேட்டாள். அடியில் அதே செய்தித்தாள், அதற்குக் கீழே அதே புத்தகம். முதல் பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச் செயல், ஒரு பெருங்குற்றம், மனிதத் தன்மையற்ற செயல் என்ற மூன்று வரிகள். மூலைகள் நாங்கள் அன்று மடக்கியபடியே இருந்தன. நடுவில் அந்த வினாத்தாள் நான்காக மடித்துக் கிடந்தது.

அக்கா மகள் அப்போது பிளஸ் ஒன். பொதுத்தேர்வு ரத்தான பிறகு வந்த முதல் செட். என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தாளை வாங்கினாள். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள், அடியில் வட்டமிட்ட 2-ஐப் பார்த்தாள். "இது என்ன மாமா பாதில நிக்குது?"

"சார் அவ்வளவுதான் எழுதினாரு."

"இது ஈஸி மாமா. மேலயும் கீழயும் ஒன் பிளஸ் காஸ் எக்ஸால பெருக்குனாப் போதும்." திண்ணையில் உட்கார்ந்து, காலண்டர் அட்டையை மடியில் வைத்து, பென்சிலால் போட்டாள். மேலே சைன் ஸ்கொயர் வந்தது. அதைப் பிரித்து, ஒரு பாதியில் சார் மேலே நிரூபித்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மறுபாதி பூஜ்யமானது. மூன்றே வரி. சார் எழுதிய எழுத்துக்குக் கீழே, அவர் விட்டிருந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"நீங்க ஏன் மாமா இதைப் போடாம விட்டீங்க?"

"மறுநாள் டெஸ்ட் இருந்துச்சு" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தாள். அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.